எல்.இ.டி. சில்லிலிருந்து கூடுதல் ஒளி பெற மேற்பரப்பை நானோ அளவில் சொரசொரப்பாக்கும் முறை

கிணற்றில் முங்கி, நீருக்கடியிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தலைக்கு நேர் மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டும் வானமும் கிணற்றுச் சுவரின் விளிம்பும் தெரியும். அந்த வட்டத்தைத் தாண்டியதும் நீரின் மேற்பரப்பு கண்ணாடியாக மாறிக் கிணற்றின் உட்புறத்தையே திருப்பிக் காட்டும். எல்.இ.டி. சில்லுக்குள் பிறக்கும் ஒளிக்கும் வெளியுலகம் இப்படியொரு வட்டச் சன்னல் வழியாகத்தான் திறந்திருக்கிறது. நீருக்கு அந்தச் சன்னலின் அரைக்கோணம் 49 பாகை. நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஏறத்தாழ 2.45 என்பதால், அதற்கு வெறும் 24 பாகை.

சில்லுக்குள் ஒளியை உண்டாக்கும் மெல்லிய அடுக்குகளான குவாண்டம் கிணறுகளில் ஒளி எல்லாத் திசைகளிலும் பிறக்கிறது. அதில் மேல்முகத்தின் 24 பாகைக் கூம்புக்குள் அடங்குவது மொத்த ஒளியில் சுமார் 4 விழுக்காடுதான். எஞ்சியது முழு அக எதிரொளிப்புக்கு உள்ளாகி, சில்லுக்குள்ளேயே அங்குமிங்கும் அலைந்து, உலோகத் தொடுமுனைகளிலும் பிற அடுக்குகளிலும் உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. சமதளமான மேற்பரப்பை அலைநீள அளவிலான மேடுபள்ளங்களாக மாற்றி, இப்படி அடைபட்ட ஒளியை வெளியே கொண்டுவருவதற்கான செய்முறைக் குறிப்பு இது. தூய்மை அறையில் ஓரளவு கைப்பழக்கம் உள்ள முதுகலை மாணவர்களையும் ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் முயலத்தக்க வேலை இதில் எதுவும் இல்லை. கருவிகள் இல்லாத கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் தொடங்கப்பட்ட இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்தின் வழியாக விண்ணப்பித்துத் தூய்மை அறை வசதியைப் பெற முடியும்.

முதலில் கண்ணாடி, பிறகு சொரசொரப்பு

சொரசொரப்பான பரப்பு ஒளியை வெளியே தள்ளுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது செய்வதெல்லாம் ஒளியின் திசையைக் கலைப்பது மட்டுமே. சமதளத்தில் 50 பாகையில் வந்து மோதும் கதிர் 50 பாகையிலேயே திரும்பும். கீழே சென்று எதிரொளித்து மீண்டும் அதே 50 பாகையில்தான் மேலே வரும். எத்தனை முறை வந்தாலும் அதற்குச் சன்னல் திறக்காது. பரப்பு கலைந்திருந்தால் ஒவ்வொரு மோதலுக்குப் பின்பும் கதிர் புதிய திசையில் செல்லும், எனவே ஒவ்வொரு முறையும் சன்னலுக்குள் விழ அதற்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். திசைகள் முழுமையாகக் கலைந்துவிட்டன என்று கொண்டால், ஒரு மோதலில் வெளியேறும் பங்கு ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தின் தலைகீழ்; காலியம் நைட்ரைடிலிருந்து காற்றுக்கு அது ஆறில் ஒன்று.

ஆறில் ஒன்று என்பது சிறிய பங்கு. ஆகவே ஒளி சராசரியாகப் பல முறை மேலும் கீழும் போய்வர வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு பயணத்திலும் அடியிலுள்ள உலோகக் கண்ணாடி அதில் ஒரு பகுதியை விழுங்குகிறது. இந்த இழப்பு ஒரு சுற்றுக்கு 20 விழுக்காடாக இருந்தால், முடிவில் வெளிவரும் ஒளி ஏறத்தாழ 50 விழுக்காடு. இழப்பு 10 விழுக்காடானால் வெளிவருவது 67. இழப்பை 5 விழுக்காடாகக் குறைத்தால் 80. மூன்று நிலைகளிலும் சொரசொரப்பு ஒன்றேதான். மாறியது அடியிலுள்ள கண்ணாடி மட்டும். மாதக்கணக்கில் பரப்பைச் செதுக்கி 'ஒளி கூடவில்லையே' என்று வருந்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கீழே வெள்ளி எதிரொளிப்பான் இருக்கிறதா, அது சூட்டில் கறுத்துப்போகவில்லையா என்பதைத்தான். நல்ல வெள்ளிப் படலம் நீல ஒளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் எதிரொளிக்கும். நிக்கலும் தங்கமும் கலந்த பழைய பி-வகைத் தொடுமுனை (மின்துளைகள் மின்னோட்டத்தைக் கடத்தும் பக்கத்தின் உலோக இணைப்பு) அதன் அருகில்கூட வராது.

இந்தக் கருத்தின் வலிமையை முதலில் தெளிவாகக் காட்டியது 1993-இல் எலி யாப்லோனோவிச் இடம்பெற்ற குழு. அவர்கள் காலியம் ஆர்செனைடு எல்.இ.டி.யின் மெல்லிய படலத்தை, அது வளர்ந்த தட்டிலிருந்து உரித்தெடுத்து, எதிரொளிப்பானின் மேல் வைத்து, நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகளை மறைப்பாகக் கொண்டு பரப்பைச் செதுக்கினார்கள். புறக் குவாண்டம் திறன், அதாவது செலுத்திய எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வெளிவரும் ஒளித்துகள்களின் விகிதம், 9 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாயிற்று. தட்டை உரித்ததும் அந்த வெற்றியில் சரிபாதி என்பதை மறந்துவிடக் கூடாது. காலியம் ஆர்செனைடுத் தட்டு தன் சொந்த ஒளியையே உறிஞ்சும் பொருள்.

மேடுபள்ளங்களின் அளவு

'நானோ' என்ற சொல்லின் கவர்ச்சியால், சிறியதாகச் சிறியதாக நல்லது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இது தவறு. 450 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் காலியம் நைட்ரைடுக்குள் 184 நானோமீட்டராகச் சுருங்குகிறது. அதைவிட மிகச் சிறிய மேடுகளை, 50 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், ஒளி தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பொருளும் காற்றும் கலந்த ஒரு சராசரி அடுக்காகவே அது உணர்கிறது. அந்துப்பூச்சியின் கண்பரப்பு ஒளியைத் திருப்பாமல் உள்வாங்குவது இந்த வழியில்தான். அத்தகைய பரப்பு, சன்னலுக்குள் வரும் ஒளியில் எதிரொளித்து வீணாகும் சுமார் 18 விழுக்காட்டை மீட்டுத் தரும். சன்னலுக்கு வெளியே மோதும் ஒளிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை ஒளி என்பதால், மேடுகளின் அகலமும் இடைவெளியும் 200 நானோமீட்டரிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் வரை இருப்பது நலம். உயரமும் அதே அளவில் இருக்க வேண்டும்.

ஒழுங்கான வரிசையில் அமைந்த மேடுகள் வேண்டுமானால், அது ஒளிக்கீற்றணியின், அதாவது சீரான இடைவெளியால் ஒளியைக் குறிப்பிட்ட திசைகளில் திருப்பும் அமைப்பின், கணக்கு. பரப்பை ஒட்டிக் கிடையாகச் செல்லும் கதிரை முதல் படி விளிம்பு விலகலிலேயே சன்னலுக்குள் இழுக்க, இடைவெளி சுமார் 310 நானோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2009-இல் எல்.இ.டி. தயாரிக்கும் லூமிலெட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இத்தகைய ஒளிப்படிக அமைப்பின் மூலம் 73 விழுக்காடு ஒளியை வெளிக்கொணர்ந்ததாக அறிவித்தார்கள். ஆனால் அங்கே காலியம் நைட்ரைடு அடுக்கை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக மெலிதாக்க வேண்டியிருந்தது. முதல் முயற்சிக்கு அது ஏற்றதன்று. ஒழுங்கற்ற பரப்பு கணக்குக்கு அழகற்றது, கைக்கு எளியது.

அளவைப் பற்றிப் பேசும்போது மின்மினியையும் சொல்ல வேண்டும். ஃபோட்டூரிஸ் இன மின்மினியின் விளக்குறுப்பை மூடியிருக்கும் செதில்கள், ஓடு வேய்ந்த கூரை போலச் சாய்ந்து, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் துருத்திக்கொண்டிருக்கின்றன. அந்த வடிவத்தைப் பின்பற்றிக் காலியம் நைட்ரைடு எல்.இ.டி.யின் மேல் ஓர் அடுக்கு அமைத்த ஆய்வாளர்கள் 2013-இல் 55 விழுக்காடு வரை கூடுதல் ஒளி பெற்றார்கள். அந்தப் படிகளின் அளவோ பல மைக்ரோமீட்டர்.

எந்த முகத்தைத் தொடுவது

வழக்கமான சில்லில் மேலே இருப்பது பி-வகைக் காலியம் நைட்ரைடு, அதன் தடிமன் 100 முதல் 200 நானோமீட்டர். அதில் 300 நானோமீட்டர் ஆழம் செதுக்க இடமே இல்லை. இடமிருந்தாலும் பிளாஸ்மா பட்ட பி-வகைப் பரப்பில் நைட்ரஜன் வெற்றிடங்கள் உண்டாகி, அவை எலக்ட்ரான் கொடையாளிகளாகச் செயல்பட்டுத் தொடுமுனையின் தடையைக் கூட்டிவிடும். ஒளியில் கிடைத்த ஆதாயம் மின்னழுத்தத்தில் போய்விடும். எனவே பி-வகை முகத்தைச் செதுக்க வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை.

இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. காலியம் நைட்ரைடு வளர்ந்த சஃபையர் தட்டை அகற்றிய செங்குத்து வகைச் சில்லில், வெளிப்படும் நைட்ரஜன் முகத்தைக் காரத்தில் அரிப்பது ஒன்று. சஃபையர் தட்டை அகற்றாத சில்லில், பி-வகைப் பரப்பைத் தொடாமல் அதன் மேலுள்ள ஒளிபுகும் அடுக்கைச் செதுக்குவது மற்றொன்று. முதலாவது ஆதாயம் மிக்கது, இரண்டாவது பாதுகாப்பானது.

வாங்கிய வேஃபரில் (சில்லுகளாக வெட்டப்படும் முழுத் தட்டில்) வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்று சந்தையில் கிடைக்கும் சஃபையர் நீலச் சில்லுகளில் பெரும்பாலானவை, சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் கூம்புகள் செதுக்கப்பட்ட சஃபையரின் மேல் வளர்க்கப்பட்டவை. அந்தக் கூம்புகள் அடியிலிருந்தே ஒளியின் திசையைக் கலைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல்முகத்தையும் சொரசொரப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிதாகவே இருக்கும். சமதள சஃபையரின் மேல் வளர்ந்த சில்லோடு ஒப்பிட்டுப் பெரிய எண்களைக் காட்டும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். வேஃபரைக் குறுக்கே உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கூம்புகள் இருக்கின்றனவா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நைட்ரஜன் முகத்தைக் காரத்தில் அரித்தல்

காலியம் நைட்ரைடுப் படிகத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. வளரும்போது மேலே இருக்கும் காலியம் முகத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எளிதில் தொடாது. சஃபையரோடு ஒட்டியிருந்த நைட்ரஜன் முகத்தையோ ஆர்வத்தோடு அரிக்கும். அரிக்கும்போது படிகத்தின் மெதுவாகக் கரையும் சரிவுகள் மட்டும் எஞ்சி நிற்பதால், பரப்பு முழுவதும் அறுகோண அடித்தளம் கொண்ட கூம்புகள் தாமாகவே எழுகின்றன. அவற்றின் சரிவு 60 பாகையை ஒட்டி இருக்கும். எந்த மறைப்பும் வரையவில்லை, எந்த அச்சும் பதிக்கவில்லை, படிகமே தன் வடிவத்தை வரைந்துகொள்கிறது. 2004-இல் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூஜி நாகமுரா உள்ளிட்ட குழு இந்த முறையில் ஒளி வெளியீட்டை, அரிப்பதற்கு முன் இருந்ததைவிட இரண்டு முதல் மூன்று மடங்காக உயர்த்திக் காட்டியது.

வேலை தொடங்குவதற்கு முன் வேஃபர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பி-வகை முகத்தில் வெள்ளி எதிரொளிப்பானும் பிணைப்பு உலோகமும் இட்டுத் தாங்கித் தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். 248 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைச் சஃபையர் வழியாகச் செலுத்தினால், சஃபையர் அந்த ஒளியை விட்டுவிடும், காலியம் நைட்ரைடு உறிஞ்சும். இடைமுகத்தில் அது காலியமாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் சிதைந்து, தட்டு கழன்றுவிடும். காலியம் 30 பாகை செல்சியசிலேயே உருகுவதால், பரப்பெங்கும் வெள்ளித்துளிகள் போல அது ஒட்டியிருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் கழுவி இதை முழுவதுமாக நீக்க வேண்டும். துளி இருந்த இடம் அரிபடாமல் தழும்பாக நின்றுவிடும். அதன்பின், கலப்பிடப்படாத காலியம் நைட்ரைடு அடுக்கைக் குளோரின் பிளாஸ்மாவால் நீக்கி, எலக்ட்ரான்கள் மின்னோட்டத்தைக் கடத்தும் என்-வகை அடுக்கை வெளிக்கொணர வேண்டும்.

என்-வகை அடுக்கின் மீதித் தடிமனை இந்த இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளவும். கூம்புகளின் உயரம் ஒரு மைக்ரோமீட்டர் என்றால், அவற்றின் அடிக்குக் கீழே மின்னோட்டம் பரவக் குறைந்தது இன்னொரு மைக்ரோமீட்டர் வேண்டும். இரண்டரை மைக்ரோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அரிப்பு நேரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

கரைசலை எத்தனை கவனமாகத் தயாரித்தாலும், எதை எதை அது தின்னும் என்று தெரியாமல் இறங்கினால் பயனில்லை. அலுமினியத்தை அது மிக விரைவாகக் கரைக்கும். தாங்கித் தட்டு சிலிக்கனாக இருந்தால் அதையும் அரிக்கும்; 30 விழுக்காட்டுக் கரைசல் 80 பாகையில் சிலிக்கனை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் தின்னும். பாசிட்டிவ் வகை ஃபோட்டோரெசிஸ்டை (ஒளிபட்ட இடம் கரையும் மறைப்புப் பூச்சை) காரம் கரைத்துவிடும் என்பதால் அதை மறைப்பாக நம்பவே கூடாது. தங்கம், பிளாட்டினம், நிக்கல் ஆகியவை தாக்குப்பிடிக்கும். மறைப்புக்குச் சிலிக்கன் நைட்ரைடு சிறந்தது. சில்லின் பக்கச் சுவர்களையும், தாங்கித் தட்டின் அடிப்பக்கத்தையும், பின்னால் என்-வகைத் தொடுமுனை அமர வேண்டிய இடத்தையும் அதனால் மூடிவிட வேண்டும்.

என் முதல் தொகுதிச் சில்லுகளை நான் இழந்தது இந்த இடத்தில்தான். டைட்டானியமும் அலுமினியமும் கொண்ட என்-வகைத் தொடுமுனையை அரிப்புக்கு முன்பே இட்டிருந்தேன். கரைசலில் இறக்கிய சில நொடிகளில் சரம் சரமாகக் குமிழிகள் எழுந்தன. காலியம் நைட்ரைடு அரிபட்டு நைட்ரஜன் வெளியேறுகிறது என்று மகிழ்ந்து நின்றேன். அவை அலுமினியம் கரைந்து எழுந்த ஹைட்ரஜன் குமிழிகள். எடுத்துப் பார்த்தபோது தொடுமுனை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கறை மட்டுமே இருந்தது. அதன்பின், தொடுமுனையை எப்போதும் அரிப்பு முடிந்த பிறகே இடுகிறேன்.

இனிக் கரைசல். 2 மோலார் செறிவுக்கு லிட்டருக்கு 112 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். ஆனால் புட்டியில் வரும் வில்லைகள் வழக்கமாக 85 விழுக்காடு தூய்மை கொண்டவை, மிச்சத்தில் பெரும்பகுதி ஈரம். ஆகவே 250 மில்லிலிட்டர் கரைசலுக்கு 33 கிராம் எடுக்க வேண்டும். வில்லைகளைச் சிறிது சிறிதாக நீரில் இட வேண்டும், நீரை வில்லைகளின் மேல் ஊற்றக் கூடாது; கரையும்போது நன்றாகச் சூடேறும். சூடான காரம் கண்ணாடியையும் அரிக்கும் என்பதால் பாலிபுரப்பிலீன் அல்லது டெஃப்லான் குவளையைப் பயன்படுத்தவும். முகக்கவசமும் நீண்ட கையுறையும் கட்டாயம். காரம் தோலில் பட்டால் முதலில் எரிச்சல் தெரியாது, வழுவழுப்புதான் தெரியும், அதற்குள் சேதம் தொடங்கியிருக்கும்.

கரைசலை 60 பாகையில் நிலைநிறுத்தி, ஒரே வேஃபரிலிருந்து வெட்டிய ஐந்து சிறு துண்டுகளை 2, 4, 6, 8, 10 நிமிடங்களுக்கு அரித்துப் பார்க்க வேண்டும். புற ஊதா விளக்கும் கிடைக்குமானால் அறை வெப்பநிலையிலேயே வேலை நடக்கும்: விளக்கொளி பரப்பில் மின்துளைகளை உண்டாக்கி, அவை காலியம் நைட்ரைடை ஆக்சிஜனேற்றம் செய்ய, உருவான ஆக்சைடைக் காரம் கரைத்துக்கொள்ளும். விளக்கின் செறிவு பரப்பு முழுவதும் ஒரே சீராக இல்லையென்றால் கூம்புகளும் இடத்துக்கு இடம் மாறும். தொடக்கத்தில் விளக்கில்லாத சூட்டு முறையே மேல் என்பேன்.

கண்ணால் பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம். அரிப்பதற்கு முன் துண்டு கண்ணாடிபோலப் பளபளக்கும், அடியிலுள்ள வெள்ளி அப்படியே தெரியும். இரண்டு நிமிடத்தில் ஒரு மெல்லிய மூட்டம் படியும். கூம்புகள் முழுமையடைந்ததும் பரப்பு பால்போல வெளுத்து, எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே மங்கல் வெண்மையாக இருக்கும். அதன் பிறகும் விட்டுவைத்தால் வெண்மை கூடாது, ஆழம் மட்டும் கூடும். சிறு கூம்புகள் கரைந்து பெரியவை எஞ்சும், இடப்பெயர்ச்சிக் குறைபாடுகள் (படிகத்தின் அணு வரிசை பிறழ்ந்த கோடுகள்) வழியே குழிகள் குவாண்டம் கிணறுகளை நோக்கி இறங்கும். சஃபையரில் வளர்ந்த காலியம் நைட்ரைடில் இத்தகைய குறைபாடுகள் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி என்ற அளவில் இருப்பது சாதாரணம். அவற்றில் ஒன்றிரண்டு ஆழமாகத் திறந்தாலே கசிவு மின்னோட்டம் தொடங்கிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில், கூம்புகளுக்கிடையே சமதளத் திட்டுகள் மறைந்துவிட்ட முதல் துண்டு எதுவோ, அதன் நேரமே உங்கள் நேரம். அரித்த பின் ஓடும் நீரில் நன்றாக அலசி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் முக்கி எஞ்சிய காரத்தைப் போக்கி, மீண்டும் நீரில் அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்தவும்.

உருண்டைகளை மறைப்பாக்கி மேலடுக்கைச் செதுக்குதல்

சஃபையரோடு உள்ள சில்லுக்கு இந்த வழி. ஒளிபுகும் மின்வாயான இண்டியம் டின் ஆக்சைடின் மேல், சுமார் 400 நானோமீட்டர் தடிமனுக்குச் சிலிக்கன் நைட்ரைடு பூசி, அந்த அடுக்கை மட்டும் செதுக்குகிறோம். இவற்றின் ஒளிவிலகல் எண் 2.0 அளவில் இருப்பதால் ஓர் எல்லையும் உண்டு: காலியம் நைட்ரைடிலிருந்து இந்த அடுக்குக்குள் நுழையவே 55 பாகைக்குள் வர வேண்டும், அதற்குள் அடங்குவது மொத்த ஒளியில் 21 விழுக்காடு. சமதளத்தின் 4 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இது பெரிதுதான். ஆனாலும் மேல்நோக்கிச் செல்லும் ஒளியில் பாதிக்கு மேல் இந்தச் சொரசொரப்பைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் காலியம் நைட்ரைடுக்கு நெருக்கமானது என்பதால் அது இன்னும் பொருத்தமானது, செதுக்குவதுதான் கடினம்.

500 முதல் 600 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகள் நீரில் கலந்த குழம்பாகக் கிடைக்கின்றன. அதை எத்தனாலோடு சம அளவில் கலந்து, சில நிமிடம் மீயொலிக் குளியலில் வைத்துக் கட்டிகளை உடைக்கவும். அகலமான தட்டில் அயனி நீக்கிய நீரை நிரப்பி, சுத்தமான கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாய்வாக நீரில் பாதி அமிழும்படி வைத்து, அதன் மேல் குழம்பைத் துளித்துளியாக விட வேண்டும். எத்தனால் பரவும் வேகத்தில் உருண்டைகள் நீரின் மேல் ஒரே அடுக்காக விரியும். ஒரு பக்கத்திலிருந்து சோடியம் டோடெசில் சல்பேட் கரைசலை ஒரே ஒரு துளி விட்டால், சிதறிக் கிடந்த திட்டுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். சாய்வாகப் பார்த்தால் மயில் கழுத்துபோலப் பச்சையும் நீலமும் மாறி மாறி மின்னும் பரப்பு தெரியும். அந்த நிறம் சீராக இருக்கும் இடமே நல்ல இடம். வெண்மையான திட்டு தெரிந்தால் அங்கே உருண்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன என்று பொருள்.

ஆக்சிஜன் பிளாஸ்மாவில் நனைதன்மை ஏற்றிய வேஃபரை அந்த அடுக்குக்குக் கீழே நீரில் நுழைத்து, சிறு சாய்வோடு மெல்ல உயர்த்தி, சாய்த்து வைத்தே உலரவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டுத்தட்டில் வைக்க வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 பாகையை ஒட்டி இளகத் தொடங்கி, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தபின் குறைந்த திறனில் ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுத்தால் ஒவ்வொரு உருண்டையும் நின்ற இடத்திலேயே சுருங்கும். 600 நானோமீட்டர் உருண்டை 450 ஆகும்வரை போதும். பிறகு புளோரின் பிளாஸ்மாவால் சிலிக்கன் நைட்ரைடை 200 முதல் 250 நானோமீட்டர் ஆழம் செதுக்கவும். உருண்டைகளும் சேர்ந்தே தேய்ந்துகொண்டு வருவதால் தூண்களின் தலை வளைந்து குவிமாடமாகும். அது குறையன்று, வரவேற்கத்தக்கது. முழு ஆழமும் செதுக்கி இண்டியம் டின் ஆக்சைடைத் தொட்டுவிடக் கூடாது. எஞ்சிய பாலிஸ்டைரீனைத் தொலுயீனில் மீயொலிக் குளியல் கொடுத்து நீக்கி, கம்பி இணைக்கும் இடங்களில் மட்டும் சிலிக்கன் நைட்ரைடைத் திறந்துகொள்ளவும்.

நிக்கல் படலத்தைச் சூடாக்கித் தீவுகளாக்கி மறைப்பாகப் பயன்படுத்தும் முறையும் உண்டு. 850 பாகை அளவு வெப்பம் வேண்டியிருப்பதால் தொடுமுனைகளை இட்ட சில்லுக்கு அது ஒத்துவராது. துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சாமெத்திலீன்டெட்ரமீனும் கலந்த நீரில் 90 பாகையில் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளர்ப்பது, பிளாஸ்மாக் கருவியே இல்லாத ஆய்வகத்துக்கு நல்ல மாற்று.

அளவிடுதல்

செய்முறையில் காட்டும் கவனம் அளவிடுவதில் பலருக்கும் இருப்பதில்லை. சொரசொரப்பான பரப்பு ஒளியின் அளவை மட்டுமன்று, திசைப் பரவலையும் மாற்றுகிறது. சில்லுக்கு நேர் மேலே ஓர் ஒளி உணரியை வைத்து அளந்தால், பக்கவாட்டில் சென்றுகொண்டிருந்த ஒளி மேல்நோக்கித் திரும்பியதையே கூடுதல் ஒளி என்று அது காட்டிவிடும். எனவே 'இன்டெகிரேட்டிங் ஸ்பியர்' என்று ஆய்வகங்களில் வழங்கும், உட்புறம் வெண்பூச்சு பூசிய கோளத்துக்குள் வைத்து எல்லாத் திசை ஒளியையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஒப்பீடு ஒரே மின்னோட்டத்தில் இருக்க வேண்டும், ஒரே மின்னழுத்தத்தில் அன்று. சிறிய சில்லுக்கு 20 மில்லி ஆம்பியரும், ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சில்லுக்கு 350 மில்லி ஆம்பியரும் வழக்கம். வேஃபரின் நடுவிலுள்ள சில்லும் ஓரத்திலுள்ள சில்லும் பிறவியிலேயே வேறுபட்டவை என்பதால், இயன்றால் அதே சில்லை அரிப்பதற்கு முன்னும் பின்னும் அளக்கவும். இயலாதபோது, அடுத்தடுத்த சில்லுகளில் ஒன்றை மறைப்பால் மூடி, எல்லாப் படிகளையும் அதற்கும் கொடுத்து ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளவும். ஒளியோடு சேர்த்து, முன்னோக்கு மின்னழுத்தத்தையும் 5 வோல்ட் எதிர் அழுத்தத்தில் ஓடும் கசிவு மின்னோட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும். ஒளி கூடி, கசிவும் பல மடங்கு கூடியிருந்தால், அந்தச் சில்லு ஆழமாக அரிபட்டுவிட்டது. நேரத்தைக் குறைத்து மீண்டும் செய்வதுதான் வழி.

கடைசி அளவீட்டைச் சில்லின் மேல் சிலிக்கோன் இட்ட பிறகே எடுக்க வேண்டும், ஏனெனில் விளக்கில் அது அப்படித்தான் இருக்கப்போகிறது. சிலிக்கோனின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால், சமதளச் சில்லின் சன்னல் 24-இலிருந்து 38 பாகையாக அகன்று, மேல்முகத்தில் வெளியேறும் பங்கு 4 விழுக்காட்டிலிருந்து 10-க்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. முன்னே சொன்ன 10 விழுக்காட்டு இழப்புள்ள சொரசொரப்பான சில்லோ 67-இலிருந்து 86 விழுக்காட்டுக்குத்தான் உயர்கிறது. காற்றில் மூன்று மடங்கு என்று தெரிந்த ஆதாயம், சிலிக்கோனுக்குள் ஒன்றரை மடங்கு அளவுக்குச் சுருங்கினால் செய்முறையில் தவறு தேடி நாட்களைக் கழிக்க வேண்டாம். ஆய்வேட்டில் இரண்டு எண்களையும், எது காற்றில், எது சிலிக்கோனில் என்ற குறிப்போடு எழுதிவிடவும்.